யார் கேட்டனுப்பியது?

கொலோனியா கெர்ரேரோ, மெக்சிகோ நகரம்
11 மார்ச் 1979

அன்புள்ள லாசரோ சித்தப்பாவுக்கு,

எவெலியா எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அட்டைக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முழங்கால் வலி குறைந்ததா? சித்தி சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவின் கை நடுக்கம் போன வருடம் போலத்தான். கரண்டியை அவரே பிடிக்கிறார். கோப்பையை மட்டும் நான் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

இப்போதும் நீராவிக் குளியல் கூடத்தில்தான் வேலை. காலையில் காகிதம் போட்டுக் கொதிகலனைப் பற்றவைப்பேன். பிறகு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டு, சோப்பு, நார், சாவி எடுத்துக் கொடுப்பேன். ஜன்னல் மிகச் சிறியது. வருகிறவர்களுக்கு என் கைகள் மட்டுமே தெரியும். எனக்கு அது வசதி. அவர்களும் அங்கே ஆள் இல்லாதது போலவே பேசுவார்கள். பக்கத்துக் குத்துச்சண்டை ஜிம்மிலிருந்து எடை குறைக்க வரும் பையன்கள், பழைய ஆட்கள், எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். எந்தச் சாம்பியன் எவனுக்குப் பயந்து ஒதுங்கினான், எவன் எவனைக் கிழவனாகும்வரை காக்கவைத்தான். வருடக்கணக்காகக் கேட்கிறேன்.

வியாழக்கிழமை பழைய சாம்பியன் தாச்சோ உர்கிடி வானொலியில் பேசினார். அறிவிப்பாளர் கேட்டார்: "ஆறு வருஷம் பெல்ட்டு உங்ககிட்ட இருந்துச்சு. உங்க எடையில மிச்ச எல்லாரையும் ஹெர்மிலோ பர்ராலெஸ் அடிச்சுப் படுக்க வச்சாரு. நீங்க ரெண்டு பேரும் மட்டும் மோதவே இல்ல. ஏன்?"

தாச்சோ சிரித்தார். "அத அவன்கிட்டல்ல கேக்கணும்? பெல்ட்டுக்கு என்னோட மோத அவன முதல் போட்டியாளர்னு அறிவிச்சு மூணாவது வாரம், 'என் பிள்ளைக்கு நீதான் ஞானத்தகப்பன்'னு சொல்லி அனுப்பினான். ஒரு கிறிஸ்தவன் மாட்டேன்னு சொல்வானா? கொம்பாத்ரே ஆயிட்டோம். கொம்பாத்ரேய கை நீட்டி அடிக்க முடியுமா? பயந்தவன் யாருன்னு நீங்களே சொல்லுங்க."

அந்தப் பிள்ளை நான்தான், சித்தப்பா.

இதுவரை பேட்டையில் யாரும் அப்பாவைக் குறை சொன்னதில்லை. பிள்ளையைப் பெற்றவரும் ஞானஸ்நானத்தில் அதைத் தூக்கியவரும் கொம்பாத்ரே, உடன்பிறந்தவர் மாதிரி, ஒருவரையொருவர் அடிக்கக் கூடாது, அது கடவுள் விஷயம், யார் மேலும் தப்பில்லை என்றுதான் பேசுவார்கள். இப்போது பேச்சு மாறிவிட்டது.

அன்று வளையத்தின் மூலையில் அப்பாவுக்குத் துணையாக நின்றது நீங்கள். அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது, அவரைக் கேட்க முடியாது. யார் யாரைக் கேட்டது? ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதை வானொலிக்கு அனுப்புகிறேன்.

ஆறாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
எவெலியா

•

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ்
2 ஏப்ரல் 1979

செல்ல மகள் எவெலியாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கும் சித்திக்கும் கண் நிறைந்துவிட்டது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே சுகம். முழங்கால் மழை வந்தால் மட்டும் பேசும். அண்ணனுக்குக் காலையில் எலும்பு சூப் கொடு, நடுக்கத்துக்கு நல்லது. இதோடு உனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன்.

வானொலிப் பேச்சையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே. இங்கே என் ஜிம்மிலும் இதே கதைதான். பையன்கள் தினமும் அடித்துக்கொள்கிறார்கள். அவன் இவனுக்குப் பயந்தான், இவன் அவனைத் தவிர்த்தான் என்று. நான் அவர்களிடம் சொல்வேன்: "டேய், வளையத்துக்குள்ள ஏறுறவன் எவனும் கோழை இல்லடா. சூடா இருக்கிற எதிரியை ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டா அவனே ஆறிப்போவான். அதச் செய்யறது சாம்பியன் இல்ல, சுத்தியிருக்கிறவங்க." பையன்கள் என்னை லாசரோ ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

பழையதைக் கிளறினால் புழுதிதான் வரும், மகளே. அப்பாவுக்கு நிம்மதி முக்கியம். நீ வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொள், நீராவியிலிருந்து குளிருக்கு வருவது நல்லதல்ல.

முத்தங்களுடன்,
சித்தப்பா லாசரோ

•

கொலோனியா கெர்ரேரோ
22 ஏப்ரல் 1979

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சட்டை வந்தது, நன்றி. பத்து வயதுப் பிள்ளைக்கு அளவாக இருக்கும். எதிர்வீட்டுச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தது எனக்கு ஆறு வயதில். மறந்திருப்பீர்கள். சூப் கொடுக்கிறேன். நடுக்கம் நிற்கவில்லை.

என் கேள்விக்குப் பதில் உங்கள் கடிதத்தில் இல்லை.

ஜிம்மில் இப்போது ஒரு புது வசை பிறந்திருக்கிறது. யாராவது பயிற்சிச் சண்டைக்குத் தயங்கினால் மற்றவன் கத்துகிறான்: "என்னடா, பயமா? சீக்கிரம் ஒரு பிள்ளையப் பெத்துக்கிட்டு வா, கொம்பாத்ரே ஆயிடலாம்!" எல்லாரும் தரையில் உருண்டு சிரிக்கிறார்கள். போன சனிக்கிழமை அப்பா வழக்கம்போல் குளிக்க வந்தார். உடம்பு பிடித்துவிடும் பிலெமோன் அவருக்குத் துண்டை விரித்துக்கொண்டே கேட்டான்: "என்ன ஹெர்மிலோ, எனக்கும் ஒரு ஞானஸ்நானம் குடுக்கிறியா? என் பொண்டாட்டிக்கு நான் ரொம்பப் பயப்படுறேன்." அப்பா சிரித்தார். சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு, குளிக்காமலே போய்விட்டார். பொத்தான் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? அவ்வளவு நேரமும் அவர்கள் சிரித்தார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். என் கைகள் சாவிகளை அடுக்கிக்கொண்டிருந்தன.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். முதன்முறையாகக் கேட்டேன்.

"தாச்சோதான் கேட்டனுப்பினான்" என்றார். "ஞானத்தகப்பனா இருக்கச் சொல்லி ரொட்டிக்கடை எவுசெபியோகிட்ட ஏற்கனவே கேட்டாச்சு, மெழுகுவர்த்திகூட வாங்கி வச்சிருந்தான் பாவம். ஆனா ஒருத்தன் தானா வந்து, உன் பிள்ளைய நான் தூக்குறேன்னு சொன்னா, முடியாதுன்னு சொல்லலாமா? கடவுளுக்கே கதவச் சாத்துற மாதிரி."

"யார் வந்து சொன்னாங்கப்பா?"

"என் தம்பிதான்."

அதன் பிறகு அப்பாவுக்கு ஐம்பத்து மூன்றரைக் கிலோ எடைப் பிரிவில் வேலையில்லாமல் போனது. ஐம்பத்தேழுக்கு ஏறித் தன்னைவிடப் பெரிய ஆட்களிடம் அடி வாங்கினார். இந்தக் கை நடுக்கம் அந்த அடியால் வந்ததுதான்.

ஆக, உங்களுக்கு வேலை சுலபம். "தாச்சோ கேட்டனுப்பினார், நான்தான் சேதி கொண்டுபோனேன்" என்று எழுதி அனுப்புங்கள். கையெழுத்து நீங்கள் எப்படியும் போடுவீர்கள். முன்பெல்லாம் நீண்ட கடிதம் எழுதினால் ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். சண்டை ஒப்பந்தத்தில் அப்படித்தான் போட வேண்டுமாம், ஒரு தாள் தொலைந்தாலும் மற்றது செல்லுமாம்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எவெலியா

•

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ்
30 மே 1979

எவெலியா மகளுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். முழங்காலில் நீர் எடுத்தார்கள், பிறகு சித்திக்குக் காய்ச்சல். இப்போது இருவருக்கும் தேவலை. அண்ணனுக்குப் பசி எப்படி? தூங்குகிறாரா?

நீ கேட்டதை யோசித்துப் பார்த்தேன். பதினாறு வருடம் ஆகிறது. எனக்கு இப்போது காலையில் தின்றதே நினைவில்லை. அண்ணன் கேட்டாரோ, தாச்சோ கேட்டாரோ, எப்படியோ நல்ல காரியம் நடந்தது. கோவில் வாசலில் தாச்சோ சில்லறையை வாரி இறைத்ததும் தெருப்பிள்ளைகள் எல்லாம் விழுந்தடித்துப் பொறுக்கியதும் நினைவிருக்கிறது. நீ அழவே இல்லை.

வானொலிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது சரிவராது. தாச்சோ பெரிய மனிதர். வழக்கு அது இது என்று போனால் நீயும் அப்பாவும்தான் கஷ்டப்படுவீர்கள். பிலெமோன் பேச்சை யார் மதிக்கிறார்கள்? இதோடு காலணி அனுப்புகிறேன். இந்த முறை பெரிய அளவு.

சித்தப்பா

•

கொலோனியா கெர்ரேரோ
15 ஜூலை 1979

சித்தப்பாவுக்கு,

முழங்கால், சித்தியின் காய்ச்சல் இரண்டும் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறார். சனிக்கிழமை வந்தால் படுத்தே கிடக்கிறார். வீட்டில் வாளியில் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன்.

ஜிம்முக்குத் தாச்சோவின் பெயரை வைக்கப்போகிறார்கள். நவம்பர் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. மேடை எங்கே போடுவது என்று பார்க்கச் செவ்வாயன்று அவரே வந்தார். குளியல் கூட முதலாளி சில்வெரியோ ஐயா அவரை உள்ளே அழைத்து வந்தார். தாச்சோ என் ஜன்னல் முன்னால் நின்று என் கைகளைப் பார்த்தார்.

"இது ஹெர்மிலோ கையாச்சே. எவெலியாவா? வெளிய வாம்மா."

வெளியே போய் அவர் கையை முத்தமிட்டேன். என் ஞானத்தகப்பன் அல்லவா. அவர் கை பஞ்சு போல இருந்தது. நடுங்கவில்லை.

"பூச்செண்டு நீதான் குடுக்கணும், சரியா? ஞானமக குடுத்தா படத்துல நல்லா விழும்."

தலையாட்டினேன். போகத் திரும்பினார். அப்போது என் வாயிலிருந்து சத்தம் வந்தது. என்னுடையது போலவே இல்லை.

"ஞானப்பா, என்னைத் தூக்கச் சொல்லி அப்பாவே நேரா வந்து கேட்டாரா?"

"நேராவா? இல்லம்மா. உங்க சித்தப்பன் வந்தான். ஒரு சனிக்கிழம. நான் கயிறு தாண்டிட்டிருந்தேன். 'அண்ணன் உங்களத்தான் கேக்குறாரு, மாட்டேன்னு சொல்லிராதீங்க, அவரு மனசு ஒடஞ்சிரும்'னான். நிறுத்தாமலே சரின்னேன்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ஏன் கேக்குற?" என்றார்.

"சும்மா" என்றேன்.

கேட்க இன்னொரு கேள்வி இருந்தது. அது வாய்வரை வந்து நின்றுவிட்டது.

அப்பா சொல்கிறார், நீங்கள் வந்தீர்கள். தாச்சோ சொல்கிறார், நீங்கள் வந்தீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பொய் சொல்கிறவர் எலும்பு சூப்பைப் பற்றி எழுதுவார்.

எவெலியா

பின்குறிப்பு: காலணி இந்த முறை சரியாக இருக்கிறது. மேடைக்கு அதைத்தான் போடப்போகிறேன்.

•

கொலோனியா கெர்ரேரோ
26 ஆகஸ்ட் 1979

சித்தப்பாவுக்கு,

ஆறு வாரம் ஆகிவிட்டது. நீங்கள் சுகமாக இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். சுகமாக இருந்தால் எழுதியிருப்பீர்கள்.

அப்பா தன் பழைய கையுறைகளைத் தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். நான் போய் எடுத்து வந்தேன். அதற்குள் ஒன்றை நாய் கடித்திருந்தது. எதற்கு எடுத்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவர் இப்போது எதையும் கேட்பதில்லை.

உங்கள் ஜிம்மின் முகவரி எனக்குத் தெரியும், உறையின் மேல் அச்சடித்திருக்கிறது. "லாசரோ ஐயாவின் மாணவர்கள்" என்று எழுதினால் போய்ச் சேருமா? அவர்கள் எதிரிகளைத் தவிர்ப்பது பற்றித் தினமும் பேசுகிறார்கள் என்று நீங்களே எழுதினீர்கள். அவர்களுக்கு ஒரு நல்ல கதை என்னிடம் இருக்கிறது. இப்போதைக்கு அது பாதிக் கதை. மீதிப் பாதியை நீங்களே எழுதினால் உங்களுக்கு நல்லது, நான் ஊகித்து எழுதினால் இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் கடைசிவரை காத்திருப்பேன்.

எவெலியா

•

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ்
19 செப்டம்பர் 1979

1.

எவெலியா,

சுகம் விசாரிக்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் அண்ணன் சாப்பிடுகிறாரா என்று ஒரு வரி எழுது.

நான்தான் செய்தேன். 1963 ஜூலை, சனிக்கிழமை. காலையில் அண்ணனிடம் போனேன். "தாச்சோ உங்க பிள்ளையத் தூக்கணும்னு ஆசப்படுறாரு, கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றேன். அங்கிருந்து நேராகத் தாச்சோவிடம் போனேன். "அண்ணன் உங்களத்தான் கேக்குறாரு" என்றேன். அங்கே ஒரு வாக்கியம், இங்கே ஒரு வாக்கியம். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. தாச்சோ என்னைக் கேட்கச் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை.

தாச்சோவின் மேலாளர் அதற்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் எங்க ஆளோட மோதாம இருக்க ஒரு வழி சொல்லு. உன்ன லாஸ் ஏஞ்சலிஸ் கூட்டிட்டுப் போறேன்" என்றார். வழி யோசித்தது நான். எவுசெபியோவின் மெழுகுவர்த்தியைப் பார்த்தபோது தோன்றியது. அக்டோபரில் நான் இங்கே வந்துவிட்டேன். அண்ணன் கனமான எடைக்குப் போய் அடி வாங்கியதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

லாசரோ பர்ராலெஸ்

2.

இப்போது நீ கேட்காததையும் எழுதுகிறேன்.

ஞானஸ்நானத்தன்று கோவில் வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றேன். இருவரில் ஒருவர் மற்றவரிடம், "என்னை ஏன்யா கேட்டே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்பார்கள் என்றுதான் காத்திருந்தேன். கேட்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பாதிரியார் இருமும்வரை விடவில்லை.

நான் நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு மூலையில் நின்றவன், மகளே. ரவுண்டு முடிகிற மணி அடித்ததும், தப்பித்தவன் எப்படி மூச்சு விடுவான் என்று எனக்குத் தெரியும். அன்று இரண்டு பேரும் அப்படித்தான் மூச்சு விட்டார்கள். இரண்டு பேரும். பதினாறு வருடம் ஒரே பேட்டையில் கொம்பாத்ரே, கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொண்டு வாழ்ந்தார்களே, ஒரு நாளாவது கேட்டார்களா? நான் கதவைச் சாத்தினேன், சரி. தாழ்ப்பாள் அவர்கள் பக்கம்தான் இருந்தது.

உன் அப்பாவைக் கேட்டுப் பார். அல்லது கேட்காதே. இதை யாருக்கும் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

லாசரோ பர்ராலெஸ்

•

கொலோனியா கெர்ரேரோ
7 அக்டோபர் 1979

சித்தப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய தாள் கிடைத்தது. அப்பா இன்று இரண்டு தமால் சாப்பிட்டார். மற்றவை பதினெட்டாம் தேதிக்குப் பிறகு.

எவெலியா

•

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ்
29 அக்டோபர் 1979

எவெலியா மகளே,

தாளா? நான் இரண்டு தாள் வைத்து அனுப்பினேன். 1, 2 என்று எண்கூடப் போட்டிருக்கிறேன். இரண்டும் வந்ததா? உடனே எழுது.

சித்திக்கு இன்னும் தெரியாது. நான் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அண்ணன் காலில் விழுந்து நானே சொல்கிறேன். அதுவரை பொறு. அதற்கு மேலும் நீ காட்டத்தான் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் காட்டாதே. இரண்டையும் காட்டு. அதுதான் நியாயம். பதினாறு வயதில் உனக்கு நியாயம் தெரியாமல் இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவுக்கு என் முத்தம்.

சித்தப்பா

•

கொலோனியா கெர்ரேரோ
25 நவம்பர் 1979

சித்தப்பாவுக்கு,

அப்பா சுகம். நேற்று சனிக்கிழமை குளியல் கூடத்துக்கு வந்தார். பிலெமோனே வாசலுக்கு ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், அரை மணி நேரம் தோள் பிடித்துவிட்டான். "மன்னிச்சிரு ஹெர்மிலோ, இந்த நாக்க அறுத்து நாய்க்குப் போடணும்" என்றான். "போடு, ஆனா நாய்க்கு விஷம் ஏறிரும்" என்றார் அப்பா. கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் தமாஷ் பேசி எத்தனை நாளாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியவேண்டும்.

பேட்டை முழுக்கக் கூடியிருந்தது. ஜிம் வாசலில் பெயர்ப்பலகை மேல் துணி. வாத்தியக் குழு. வானொலிக்காரர்கள் ஒலிவாங்கியோடு வந்திருந்தார்கள். அப்பா வரமாட்டேன் என்றார். "நான் பூக் குடுக்கிறதப் பாக்க வேண்டாமா?" என்றேன். கடைசி வரிசையில், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் நீங்கள் அனுப்பிய காலணியில் மேடையேறினேன்.

பூச்செண்டைத் தாச்சோவிடம் கொடுத்தேன். படம் எடுத்தார்கள். இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் ஒலிவாங்கியிடம் போனேன். கூட்டத்தைப் பார்க்கவில்லை. என் கைகளை மட்டும் பார்த்தேன், ஜன்னலில் இருப்பது போல. கைகளில் உங்கள் தாள் இருந்தது. "என் சித்தப்பா லாசரோ பர்ராலெஸ் எழுதியது" என்று சொல்லிவிட்டு, தேதியிலிருந்து கையெழுத்துவரை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். "அண்ணன் சாப்பிடுகிறாரா" என்று விசாரித்திருந்தீர்களே, அதையும் படித்தேன். அந்த இடத்தில் ஒரு பெண் காறித் துப்பினாள்.

முடித்துத் தாளை மடித்தேன். பிறகு சில்வெரியோ ஐயா, "லாசரோவா? நம்ம லாசரோவாடா?" என்றார். அதன் பிறகு சொன்னதையெல்லாம் ஒரு பெண் எழுத முடியாது.

தாச்சோ மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கடைசி வரிசைக்குப் போனார். அப்பா எழுந்து நின்றார்.

"கொம்பாத்ரே, எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது, கொம்பாத்ரே."

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஊரே அழுதது. ரொம்ப நேரம் விடவில்லை. கடைசியில் வாத்தியக் குழுத் தலைவர் இருமினார். அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு முதுகு சில்லிட்டது. ஏன் என்று எழுதமாட்டேன்.

இப்போது ஜிம்மில் வசை மாறிவிட்டது. ஒருவன் தயங்கினால், "என்னடா, லாசரோ வந்துட்டுப் போனானா?" என்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள்கூடச் சொல்லிக்கொண்டு ஓடுகின்றன. வானொலியில் இரண்டு முறை படித்தார்கள். உங்கள் ஊரில் நம் மொழியில் வரும் செய்தித்தாளுக்கும் ஒரு படி அனுப்பச் சொன்னேன். உங்கள் மாணவர்கள் செய்தித்தாள் படிப்பார்களா? சித்தி படிப்பார் என்று நினைக்கிறேன்.

யார் யாருக்குப் பயந்தது என்ற பேச்சு இப்போது கிடையாது. மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்பதுதான் பேச்சு. எட்டாவது ரவுண்டில் அப்பா என்று பாதிப் பேர், புள்ளிகளில் தாச்சோ என்று மீதிப் பேர். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எவ்வளவு கேட்டாலும் அலுக்கவில்லை.

இரண்டு தாள் என்று எழுதியிருந்தீர்கள். உறையில் ஒன்றுதான் இருந்தது. கீழே கையெழுத்து இருந்ததால் அது போதும் என்று வானொலிக்காரர்களும் சொன்னார்கள். உங்கள் பழக்கம் நல்ல பழக்கம். மற்றதை வைக்க மறந்திருப்பீர்கள், உங்களுக்குத்தான் காலையில் தின்றதே நினைவில்லையே. அல்லது அஞ்சலில் தொலைந்திருக்கும். இங்கே காகிதம் எவ்வளவோ தொலைகிறது. கொதிகலனுக்கு மட்டும் தினம் ஒரு கூடை போகிறது.

அன்று வீடு திரும்பும்போது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ரொட்டிக்கடை முக்கில் நின்றார்.

"அவ்வளவுதான் எழுதியிருந்தானா?"

"அவ்வளவுதான்ப்பா. ஒரே தாள்."

என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார். "நல்லது" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னீர்கள். கட்டாயம் வாருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து நம் வீடுவரை எல்லாரும் உங்களுக்காக வாசலில் நிற்பார்கள். இரண்டாவது தாள் என்று ஒன்று இருந்ததாக அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கடிதம் மூன்று தாள். மூன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எவெலியா பர்ராலெஸ்